ஏரோப்ளேன் களம்

அன்னக்கொடியைச் சாதுவென்று கீழப்பொட்டலில் யாரும் சொன்னதில்லை. பேரையூருக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே கிடக்கிற அந்த ஊரில் முதன்முதலாக டிராக்டர் ஓட்டிய பெண் அவள்தான். புருஷன் நல்லகாமனுக்குக் கண் பார்வை மட்டு. பொழுது சாய்ந்தால் வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. விதைப்பு நேரத்தில் வாடகை டிராக்டர்காரன் பின்னால் அலைந்து சலித்துப்போய், "நாமளே ஒரு பழைய வண்டி வாங்குவம். நான் ஓட்டுறேன்" என்று ஒருநாள் சொன்னாள். நல்லகாமன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அடுத்த விதைப்புக்குள் வண்டி வாசலில் நின்றது.

ஊர் ரோட்டில் ஓட்டிப் பழகினால் டீக்கடையே எழுந்து வந்து வேடிக்கை பார்க்கும். அதனால் வண்டியை ஏரோப்ளேன் களத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் நேராகக் கிடக்கிற சிமெண்டுத் தரை. யாருக்கும் ஒதுங்க வேண்டாம், எதிலும் மோதப் பயப்பட வேண்டாம். முதல் நாள் கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். மாதம் முடிவதற்குள் டிரெய்லரை மாட்டிக்கொண்டு பின்பக்கமாகவே ஓட்டிக் காட்டினாள். அதற்கு ஆம்பளைகளே திணறுவார்கள்.

களத்துக்கு அந்தப் பெயர் வந்த கதை ஊருக்கே தெரியும். இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம் அது. ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று கடற்கரைப் பக்கமெல்லாம் கலங்கிக் கிடந்தது. பட்டாளத்து அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கி, கீழப்பொட்டலின் நல்ல நிலமாகப் பார்த்து அளந்து கல் நட்டார்கள். காட்டில் பருத்தி வெடித்து நின்றது. அதை எடுக்கக்கூட அவகாசம் கொடுக்கவில்லை. சண்டை முடிந்ததும் நிலம் உங்களுக்கே என்று சொன்னார்கள். நிலத்தைப் பறிகொடுத்த குடும்பங்களே கூலிக்குப் போய் அந்த ஓடுபாதைக்குக் கல் உடைத்தன. பெண்கள் தலையில் சரளை சுமந்து கொட்டினார்கள். கொஞ்ச காலம் விமானங்கள் இறங்கின, ஏறின. சண்டை முடிந்ததும் வெள்ளைக்காரன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். நிலம் மட்டும் திரும்பி வரவில்லை. கேட்கப் போனவர்களை அந்த ஆபீசுக்குப் போ, இந்த ஆபீசுக்குப் போ என்று விரட்டினார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள், ஒரு தை மாதம் அறுத்த கம்பங்கதிரைக் கொண்டுவந்து ஓடுபாதையில் கொட்டினார்கள். ஏனென்று கேட்க ஆளில்லை. அன்றிலிருந்து அது களம்.

கரிசல் மண்ணில் களம் அமைவது லேசுப்பட்ட காரியமில்லை. வெயிலடித்தால் தரை பாளம் பாளமாக வெடிக்கும், உள்ளே விழுந்த தானியம் விழுந்ததுதான். ரெண்டு தூறல் போட்டால் போதும், காலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு விடாது. சுற்றுவட்டாரத்தில் வேறெந்த ஊருக்கும் இல்லாத ஒரு கல்லுத்தரை கீழப்பொட்டலுக்கு இருந்தது. கம்பு போய் பருத்தி வந்து, பருத்தி போய் மக்காச்சோளம் வந்தபோதும் தரை அதே தரைதான்.

சென்ற வருடம் ஆடி மாதத்தில் அந்தத் தரையைச் சுற்றிக் கம்பிவேலி போட ஆள் வந்தது.

சென்னைக் கம்பெனி ஒன்று ஓடுபாதையைக் குத்தகைக்கு எடுத்துவிட்டதாம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் நடத்தப் போகிறார்களாம். வேலிக்குக் கல்தூண் சப்ளை செய்தவர் விருமாண்டி. ஊரில் நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்கிறவர், அன்னக்கொடிக்கு அண்ணன் முறை. அவரிடமே போய்க் கேட்டாள்.

"அண்ணே, நீங்களே இதுக்குத் தூண் குடுத்தா எப்பிடி? தையில சோளத்த எங்கிட்டுப் போய்க் காயப்போட?"

"தங்கச்சி, ஊரு எம்புட்டு நாளைக்குத்தான் இப்பிடியே கெடக்குறது? நம்ம ஊருல பிளேன் எறங்கப் போகுது. நம்ம பயலுகளுக்கு வேலை கெடைக்கும்."

"என்ன வேலை?"

விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். "வாச்மேன் வேலை. புல்லு வெட்டுற வேலை."

"அப்ப நம்ம எடத்துக்கு நம்மளே காவல் இருந்து, நம்மளயே உள்ள விடாம வெரட்டணும். அம்புட்டுத்தானே?"

அவர் போனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தார்.

கம்பெனியின் சார்பில் அங்கே தங்கியிருந்த மேனேஜர் பெயர் ஜெர்சன். பசுமலைக்காரன், அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். விமானப்படையில் சில காலம் இருந்துவிட்டு வந்த முப்பது வயதுப் பையன். அதட்டத் தெரியாதவன். அன்னக்கொடியும் மலையம்மாளும் போய் நின்றபோது எழுந்து நாற்காலி போட்டான், டீ வாங்கிவரச் சொன்னான். மலையம்மாள் அன்னக்கொடிக்குப் பக்கத்துக் காட்டுக்காரி. வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ஓடுபாதையில ஒரு சின்னக் கல்லு கெடந்தாலே ஆபத்து. நீங்க டன் கணக்குல சோளத்தக் கொட்டுறோம்னு சொல்றீங்க."

"நாங்க இப்பக் கொட்டல தம்பி" என்றாள் அன்னக்கொடி. "உங்க அப்பா பொறக்கும் முந்தியே கொட்டிட்டம். இப்ப வந்து கதவப் பூட்டுறது நீங்கதான்."

"அரசாங்கம் குத்தகைக்குக் குடுத்துருக்குக்கா. நான் சம்பளத்துக்கு வேலை பாக்குறவன்."

"அப்பக் குடுத்தவுகளையே கேக்குறோம்" என்று எழுந்தாள். மலையம்மாள் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். "டீ நல்லாருக்கு. உங்க கம்பெனிதான் நல்லால்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

குடுத்தவர்களையும் கேட்டார்கள். ஊர்ப் பெண்கள் வேன் பிடித்துக் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். பட்டாளம் எடுத்த நிலம் அரசாங்க நிலம், அரசாங்கம் யாருக்கும் கொடுக்கலாம் என்று பதில் வந்தது. தானியம் காயவைக்க வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேறு இடம் என்றால் நாலுவழிச் சாலை.

தை பிறந்தது. கதிரடித்த மணியில் ஈரம் நிற்கக்கூடாது. நின்றால் பூஞ்சணம் பிடித்துவிடும், வியாபாரி கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே கொட்டிவிட்டுப் போவான். வேறு வழியில்லாமல் ஊரே சாலைக்குப் போனது. ஒரு பக்கத்துத் தாரில் சோளத்தைப் பரப்பி, ஓரத்தில் கல்லை அடுக்கி, பெண்கள் வெயிலில் நின்று காலால் கிளறிவிட்டார்கள். பக்கத்தில் லாரிகள் ஹாரனை அழுத்திக்கொண்டு போயின.

மூன்றாவது நாள் மத்தியானம் மலையம்மாளின் புருஷன் முத்துப்பாண்டி மொபெட்டில் சோறு கொண்டுவந்தான். பின்னால் வந்த கார் ஒன்று சோளத்துக்கு விலகி, மொபெட்டை உரசியது. மணியில் சக்கரம் வழுக்கி முத்துப்பாண்டி தூக்கி எறியப்பட்டான். அன்னக்கொடி சத்தம் கேட்டுத் திரும்பியபோது தூக்குவாளிச் சோறு ரோடெங்கும் சிதறிக் கிடந்தது. அவன் வலது கால் இருக்கக் கூடாத திசையில் மடங்கிக் கிடந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் மறுவாரம் மலையம்மாள் பேரில் வழக்கு வந்தது. பொதுச்சாலையை மறித்துத் தானியம் கொட்டி விபத்துக்குக் காரணமாக இருந்தாளாம்.

அன்று சாயங்காலம் மலையம்மாள் அன்னக்கொடி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். எப்போதும் ஓயாத வாய் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை அன்னக்கொடியால் தாங்க முடியவில்லை.

"மலையு, பாக்கிச் சோளம் எம்புட்டு இருக்கு ஒனக்கு?"

"பாதிக்கு மேல அடிச்சுக் குமிச்சது அப்பிடியே கெடக்கு. உள்ள ஈரத்துல வெந்து, கை வச்சா சுடுது. இன்னும் ரெண்டு நாள் போனா மாட்டுக்குக்கூட ஆகாது."

"அதத் திங்கக்கெழம களத்துல காயப்போடுறோம்."

உள்ளேயிருந்த நல்லகாமன் பதறி வெளியே வந்தான். "என்னத்தா சொல்ற? திங்கக்கெழமதான் அங்க மொத பிளேன் எறங்குது. மொதலாளியே அதுல வாரானாம். பந்தலெல்லாம் போட்டுருக்கான். போலீசு வரும்."

"வரட்டும்."

"கேசு போடுவாங்க, அன்னம்."

"ரோட்டுல போட்டாலும் கேசு, களத்துல போட்டாலும் கேசு. நம்ம களத்துல போட்டுட்டே கேசு வாங்குவம். காலாச்சும் ஒடையாம இருக்கும்."

நல்லகாமன் உள்ளே போனான். போலீஸ் தொப்பியைத் தூரத்தில் கண்டாலே மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுகிற ஆள் அவன். அன்னக்கொடி அவனை வா என்று கூப்பிடவில்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் மட்டும் பேசினாள். விருமாண்டியின் வீட்டுக்காரி ஜெயக்கொடியிடமும் போய்ச் சொன்னாள். ஒளித்து வைத்துச் செய்கிற காரியமில்லை இது என்று அவளுக்குப் பட்டது. ஜெயக்கொடி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எங்க மூட்டையும் முப்பது நாப்பது இருக்கு மதினி. வண்டியில எடம் இருக்குமா?" என்றாள்.

திங்கட்கிழமை பொழுது விடிந்து, பனி விலகுகிற நேரம். பந்தலுக்குச் சாமான் கொண்டுவந்த வேன் உள்ளே போவதற்காகக் கேட் திறந்திருந்தது. அன்னக்கொடியின் டிராக்டர் அந்த வேனுக்குப் பின்னாலேயே உள்ளே நுழைந்தது. வாச்மேன் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். ஊர்ப் பையன்தான்.

"சித்தி, விடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க!"

"நீ விட வேணாம். நாங்களாத்தான் வாரோம்."

அவள் பின்னால் ஒன்றன் பின் ஒன்றாக டிராக்டர்கள் வந்தன. பாதி வண்டிகளைப் பெண்களே ஓட்டினார்கள். எல்லாரும் அன்னக்கொடிக்குப் பிறகு, அதே தரையில் பழகியவர்கள். ஓடுபாதையின் ஒரு முனையில் தொடங்கி டிரெய்லரைத் தூக்கிக் கொட்டிக்கொண்டே போனார்கள். இறங்கிய பெண்கள் பலகையால் தள்ளிப் பரப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தலில் இருந்து பார்த்தால் சிமெண்டே தெரியவில்லை. காலை வெயில் ஏற ஏற தரை முழுக்க மஞ்சள் பூத்துக் கிடந்தது.

ஜெர்சன் வாக்கி டாக்கியும் கையுமாக ஓடிவந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, என்னக்கா இது! இன்னும் கொஞ்ச நேரத்துல பிளேன் கெளம்பிரும்!"

"அதுக்குத்தான் தம்பி வெள்ளென வந்தோம்" என்றாள் அன்னக்கொடி. "கெளம்பும் முந்தியே போன் போட்டுச் சொல்லுங்க, இங்க எறங்க முடியாதுன்னு. யாரு உசுருக்கும் ஒரு கேடு வரக் கூடாது. அது எங்க நோக்கம் இல்ல."

அவன் போன் செய்தான். மறுமுனையில் முதலாளி கத்தியது அவளுக்கே கேட்டது. "எனக்குத் தெரியாது. நான் வர்றதுக்குள்ள கிளியர் பண்ணு. ஜேசிபி நிக்குதுல்ல, தள்ளிவிடு." போன் துண்டிக்கப்பட்டது.

அதற்குள் விருமாண்டி வெள்ளைச் சட்டை பளபளக்க வந்து சேர்ந்தார். "ஊரு மானத்த வாங்கிட்டியே! அள்ளு, எல்லாத்தையும் அள்ளு! எவ மொதல்ல அள்ளுறாளோ அவ மேல கேசு இல்லாம நான் பாத்துக்குறேன்!"

யாரும் அள்ளவில்லை. சோளத்துக்கு நடுவே காலால் கிளறிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து, "அப்ப நம்ம வீட்டுச் சோளத்த நீங்க வந்து அள்ளுங்க" என்றாள். ஜெயக்கொடி. விருமாண்டி தன் மனைவியை அங்கே எதிர்பார்க்கவில்லை.

கிழக்கே விமானச் சத்தம் கேட்டது. வண்டு மாதிரித் தெரிந்தது நேரம் ஆக ஆகப் பெரிதானது. பெண்கள் கிளறுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். முதலாளி பிடிவாதமாக இறங்கச் சொல்லிவிட்டால் என்று அன்னக்கொடி பயந்தாள். "எல்லாரும் ஓரத்துக்குப் போங்க. தரையில நிக்காதீங்க" என்று கத்தினாள். ஆட்கள் ஓரத்துக்கு ஓடினார்கள். அவள் மட்டும் ஜெர்சனைப் பார்த்து நின்றாள்.

"தம்பி, மேல இருக்குறவருக்குச் சொல்லுங்க."

ஜெர்சன் ஒரு கணம் சோளத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பிறகு வாக்கி டாக்கியை வாய்க்கருகே கொண்டுபோனான். முதலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். விமானத்துக்குள்ளிருந்து முதலாளி தமிழில் கத்தவும் தமிழிலேயே சொன்னான்: "சார், ஓடுபாதை பயன்பாட்டில் இருக்கு. இறங்கக் கூடாது. என் பொறுப்புல சொல்றேன், இறங்கக் கூடாது."

விமானம் தாழப் பறந்து வந்தது. காற்றில் சோளத் தூசி கிளம்பியது. இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றுக்கு வரவில்லை. இறக்கையைச் சாய்த்து மதுரைப் பக்கமாகத் திரும்பிப் போனது. பெண்கள் குலவையிட்டார்கள். அன்னக்கொடி குலவையிடவில்லை. விமானம் கண்ணை விட்டு மறையும் மட்டும் டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போலீஸ் வந்தது. யார் தலைமை என்று கேட்டார்கள். "நாந்தான்" என்றாள். மலையம்மாளும் "நாந்தான்" என்றாள். இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் ஒரு தாளை நீட்டினார்கள். தெரியாமல் செய்துவிட்டோம், இனிமேல் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் உடனே வீட்டுக்குப் போகலாம் என்றார் எஸ்.ஐ. நல்ல மனிதர்தான். அவருக்கும் ஊரில் காடு இருந்தது.

"தெரிஞ்சுதான் சார் செஞ்சோம்" என்றாள் அன்னக்கொடி.

"அட, ஒரு வார்த்தைதானம்மா. போட்டுட்டுப் போங்க. சோளம் வெயில்ல கெடக்கு."

"வெயில்ல கெடக்கத்தான் போட்டது. தப்புன்னு எழுதுனா, எங்க ஆளுக அத்தன வருசமா செஞ்சதும் தப்புன்னு ஆயிரும். நான் எழுத மாட்டேன். உள்ள வைக்கிறதுன்னா வைங்க."

எஸ்.ஐ. மலையம்மாளைப் பார்த்தார். "எனக்கு ஏற்கெனவே ஒரு கேசு இருக்கு சார். இதையும் சேத்துப் போட்டுக்கங்க" என்றாள் அவள். வாய் திரும்பி வந்துவிட்டது.

சாயங்காலம் வரை உட்காரவைத்து, வழக்குப் பதிந்து ஜாமீனில் விட்டார்கள். வெளியே வந்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. பருவம் தப்பிய மழை. தரை முழுக்கச் சோளம் திறந்து கிடக்கிறது, ஜேசிபி நிற்கிறது, பெண்கள் என்ன ஆனார்களோ. அன்னக்கொடி ஆட்டோக்காரனை விரட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் தூறல் பிடித்துவிட்டது.

களத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சோளமெல்லாம் குவியல் குவியலாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. தார்ப்பாய் பற்றாத இடத்தில் விழாப் பந்தலின் துணியை உருவிப் போர்த்தியிருந்தார்கள். ஊர் ஆம்பளைகள் ஓரங்களில் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜேசிபி அசையாமல் நின்றது. அதற்கு நேர் முன்னால், முதலாளி உட்காருவதற்காகக் கொண்டுவந்த சிவப்பு சோபாவில் நல்லகாமன் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. பக்கத்தில் ஜேசிபி டிரைவர் குடையைப் பிடித்துக்கொண்டு அவனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீக இங்க?"

"நீ ஜீப்புல போனதக் கேட்டு ஓடியாந்தேன். ஜேசிபிய ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. வேற என்ன செய்ய? குறுக்க சோபாவப் போட்டு உக்காந்துட்டேன்." ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே டிரைவரைக் காட்டினான். "இவரு விளாங்குடிக்காரரு. நல்ல மனுசன்."

"இவரு உக்காரலன்னாலும் நான் தள்ளிருக்க மாட்டேங்க்கா" என்றான் டிரைவர். "திங்கிற பொருள்ல போயி பக்கெட்ட வைக்கவா? வேலை போனாப் போகட்டும்."

அன்னக்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல், "எந்திரிங்க, சளி புடிச்சுக்கும்" என்று புருஷனை அதட்டினாள்.

அடுத்த வாரம் அதிகாரிகள் சமாதானக் கூட்டம் போட்டார்கள். கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்தது. வருடத்தில் ஒரு மாதம், முன்கூட்டி எழுதி அனுமதி வாங்கினால், ஓடுபாதையின் ஒரு ஓரத்தில் காயவைத்துக்கொள்ளலாம். ஊர்க்காரர்களில் சிலர் தலையாட்டினார்கள். விருமாண்டி, "அம்புட்டுத்தானே, ஒத்துக்கிருவோம்" என்றார்.

"ஒத்துக்கிற முடியாது" என்றாள் அன்னக்கொடி. "இந்த வருசம் அனுமதி குடுப்பீக. அடுத்த வருசம் இல்லைம்பீக. ஒரு தடவ கை நீட்டிக் கேட்டுட்டா, அது உங்களுதுன்னு நாங்களே சொன்ன மாதிரி. நாங்க கேக்க வரல. காயப்போடுவோம்னு சொல்லிட்டுப் போக வந்தோம்."

"அப்போ விமானம் எங்கேம்மா இறங்கும்?" என்றார் அதிகாரி எரிச்சலோடு.

"எறங்கட்டும். எங்க நெலத்துக்கு என்ன வழின்னு மொதல்ல சொல்லிட்டு, எங்களுக்கு இதே மாதிரி ஒரு கல்லுத்தரைய வேற எடத்துல போட்டுக் குடுத்துட்டு எறங்கட்டும். சண்டை முடிஞ்சதும் தாரோம்னு சொன்னாங்க. சண்டை முடிஞ்சிருச்சுல்ல சார்?"

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போன செய்தி நாலு இடத்தில் பரவியதும் கம்பெனி தயங்கிவிட்டது. வழக்கு இருக்கிற இடத்தில் பணம் போட வேண்டாம் என்று முடிவு செய்தார்களோ என்னவோ, சாமான்களைக் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். குத்தகையை இன்னும் விடவில்லை என்கிறார்கள். மறுபடி வரலாம். ஜெர்சன் அந்த வேலையை விட்டுவிட்டான். கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பதாக ஒருநாள் அன்னக்கொடியிடம் போனில் சொன்னான். கேட்டின் கதவை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று ஊரில் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

முத்துப்பாண்டி இப்போது கம்பை ஊன்றி நடக்கிறான். அன்னக்கொடி, மலையம்மாள் பேரில் உள்ள வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தத் தையில் ஒரு வாய்தாவுக்குப் போனபோது, அடுத்த தேதி வருகிற வாரமே என்று நீதிபதி சொன்னார். அன்னக்கொடி கூண்டுக்குள்ளிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, அந்தத் தேதிக்கு வர முடியாதுங்க. வேற தேதி குடுங்க."

"ஏம்மா?"

"களத்துல சோளம் கெடக்குதுங்க."

"எந்தக் களத்துல?"

வக்கீல் அவசரமாகத் திரும்பிப் பார்த்து, பேசாதே என்று கண்ணால் சைகை காட்டினார். அன்னக்கொடி அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"இந்தக் கேசு நடக்குதுல்ல ஐயா, அதே களத்துலதான்."